பச்சையைத் தொட்டால் சரி

அத்தியாயம் பதினொன்று

பலகை வந்த நாளிலிருந்து பிசிலா அதற்கு முதுகைக் காட்டித்தான் பாடம் நடத்தினாள். கரும்பலகையைப் பெயர்த்த இடத்தில்தான் அதை மாட்டியிருந்தார்கள். ஆள் உயரக் கண்ணாடி. தொட்டால் விழிக்கும். தொடாவிட்டால் கறுப்பாக நின்று, இடுப்பில் துக்கப் பாய் கட்டிய ஒரு விதவையை அவளுக்கே காட்டும்.

கணவன் சைமோனே ஆஸ்திரேலியாவில் தக்காளி பறிக்கப் போனவன். குனிந்தவன் நிமிரவில்லை. பெட்டியில்தான் ஊர் திரும்பினான். வருடம் திரும்பும்வரை அவளுக்குக் கறுப்புத் துணியும் கந்தல் பாயும்தான். நடந்தால் பாய் சரசரக்கும். வராந்தாவில் அந்தச் சத்தம் கேட்டாலே ஆறாம் வகுப்பு வாயை மூடிக்கொள்ளும்.

அந்த ஆறாம் வகுப்புதான் இப்போது கையை விட்டுப் போகப் பார்க்கிறது. "பலகையை ஓட்டத் தெரியாதவங்களுக்குப் பரீட்சை வகுப்பு கிடையாது" என்று கல்வி அதிகாரி கெபுவேலி சொல்லிவிட்டார். அவளுக்கு மாற்றல் தயாராக இருந்தது. வடக்கே நியுவா தீவு. கப்பல் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் இல்லை. அங்கே போய்விட்டால் சனிக்கிழமை தோறும் சைமோனேயின் குழிமேட்டுக்கு வெள்ளை மணல் கொட்டுவது யார்?

கற்றுக்கொண்டாள். வேறு வழியில்லை. சொல்லிக்கொடுத்தவள் மகள் வைசிமா. அப்பா போனபின் அவருக்குப் பதிலாகக் கடல் தாண்டியவள். நியூசிலாந்தில் ஆப்பிள் கட்டும் கொட்டகையில் நாள் முழுக்க நிற்பவள், சாப்பாட்டு இடைவேளையில் அம்மாவைக் கூப்பிடுவாள்.

"விரலால தொடுங்கம்மா. குத்தாதீங்க. அது சேனைக்கிழங்கு இல்ல."

"தொட்டாச்சு. ஒண்ணும் வரல."

"நீங்க ஜன்னலைத் தொட்டுட்டு இருப்பீங்க."

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கத் தலைநகரத்துக்குப் போனது, திரும்பவில்லை. அதனால் வைசிமா ஒரு குறுக்கு வழி சொன்னாள். அம்மாவின் செல்போனையே பலகையோடு இணைத்துவிட்டால் போதும். போனில் இருப்பது அப்படியே சுவரில் விரியும். சுவரில் தொட்டால் போனில் தொட்டது போல.

"பச்சை வட்டம்னா சரி. சிவப்பு வட்டம்னா தப்பு. அதை மட்டும் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுங்க, மத்ததை அதுங்களே பாத்துக்கும்."

அதையே பிசிலா வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். பச்சையைத் தொடு. பச்சையைத் தொட்டால் சரி. பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்லும் அளவுக்கு.

மகள் சொன்ன ஒன்றை மட்டும் அவள் கேட்கவில்லை. "பாடம் நடத்துறப்போ போன் கால் வராம அடைச்சு வைங்கம்மா." அதை எங்கே அழுத்த வேண்டும் என்றும் தெரியும். அழுத்தவில்லை. சைமோனே விழுந்த அன்று தக்காளிக் காட்டிலிருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் போனை அணைத்துவிட்டுப் பெருக்கல் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தாள். தன் புருஷன் செத்ததைக் கோவில் வாசலில் மூன்றாம் மனுஷி சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் போன் அணைந்ததே இல்லை.

இன்று கெபுவேலி வருகிறார்.

---

காலையில் பிசிலா வருவதற்கு முன்பே லிசியாதே வந்து வராந்தாவைக் கழுவிவிட்டிருந்தான். அவளுடைய அண்ணன். பள்ளிக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டி, புல்வெட்டு, மின்சாரம், பூட்டு சாவி எல்லாம் அவன் பொறுப்பு. பெரிய உடம்பு. கையில் தழும்பில்லாத இடம் கிடையாது.

அவள் வந்ததும் அவன் ஈரப்பலா மரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கரண்ட் இருக்கு. பெட்டியைத் திறந்து பாத்துட்டேன்."

"நல்லது அண்ணா."

"எறும்பு கூடு கட்டியிருந்துச்சு. எடுத்துட்டேன். நீங்க பயப்படாம நடத்துங்க."

தங்கையை அண்ணன் 'நீங்க' என்றுதான் சொல்வான். இங்கே அப்படித்தான். அவள் பெரியவளான நாளிலிருந்து இருவரும் ஒரே கூரையின் கீழ் படுத்ததில்லை. ஒரே அறையில் சேர்ந்து உட்கார்ந்து படம் பார்த்ததில்லை. ஒருவர் முன்னால் இன்னொருவர் காதில் ஆண் பெண் சமாச்சாரம் ஒரு சொல் விழுந்தால் போதும், இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் எழுந்து போக வேண்டும். அப்புறம் அதைப் பற்றிப் பேசவும் கூடாது. ஏன் எழுந்தோம் என்றும் சொல்லக் கூடாது.

அதனால்தான் லிசியாதே எப்போதும் வகுப்புக்கு வெளியே, ஜன்னலை ஒட்டிய மின்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பான். உள்ளே தங்கை இருக்கிறாள்.

கெபுவேலி டை கட்டி, இடுப்பில் மரியாதைக்கு உடுத்தும் மடிப்புக் கலையாத புதுப்பாய் சுற்றி வந்தார். பிள்ளைகளின் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். முழங்கால் மார்பைத் தொட்டது. பின்னால் தரையில் அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"டிவி போடப் போறாங்களாடி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கணக்கு போடப் போறாங்க."

"அப்ப நான் வீட்லயே இருந்திருப்பேன்."

பிசிலா போனை மேசையில் வைத்து இணைப்பை அழுத்தினாள். சுவர் வெள்ளையாக விழித்தது. பிள்ளைகள் ஒரே மூச்சாக "ஓ" என்றன, ஏதோ இன்றுதான் முதல் தடவை பார்ப்பது போல. நேற்றே சொல்லி வைத்திருந்தாள், அப்படிக் கத்தக் கூடாது என்று.

பாடம் பின்னம். சுவரில் ஒரு சுட்ட பன்றி. பக்கத்தில் எட்டுத் தட்டுகள். பன்றியின் துண்டை விரலால் இழுத்துத் தட்டில் போட வேண்டும்.

"ஹெய்லாலா, வா. எட்டுச் சம பங்காப் பிரி."

ஹெய்லாலா லிசியாதேயின் மகள். வாயாடி. வகுப்பில் டீச்சர் என்று கூப்பிடு என்று சொன்னாலும் வாய் அத்தையிலேயே போய் நிற்கும். பலகை முன் வந்து நின்றாள். யோசித்தாள்.

"சமமாப் பிரிக்க முடியாது அத்தை."

"ஏன் முடியாது?"

"முதுகுத் துண்டு அத்தைக்குப் போவணும். அப்பா கூடப் பொறந்த அத்தைக்குக் குடுக்காம பன்னியில கை வச்சா எங்கப்பா கையை ஒடிச்சுடுவாரு."

பின்னால் அம்மாக்கள் சிரித்தார்கள். கெபுவேலி தலையைத் தூக்கினார்.

"இது கணக்கும்மா. கணக்குல அத்தை கிடையாது."

"அத்தை இல்லாத விருந்துக்குப் பன்னியை ஏன் சார் அறுத்தாங்க?"

அவரே சிரித்துவிட்டார். பிசிலா முதுகுத் துண்டைத் தனியாக எடுத்து ஓரத்தில் வைத்தாள். "சரி. அத்தைக்குக் குடுத்தாச்சு. மிச்சத்தை எட்டாக்கு."

ஹெய்லாலா இழுத்து இழுத்துப் போட்டாள். பச்சை வட்டம் வந்தது. தொட்டாள். பலகை மணி அடித்தது. அடுத்தவன் வந்தான், அடுத்தவள் வந்தாள். ஒருவன் தப்பாகப் போட்டுச் சிவப்பு வர, தானே அழித்துத் தானே திருத்தினான். கெபுவேலி எழுதினார். பேனா ஓடும் விதத்தைப் பார்த்தாலே டீச்சர்களுக்குத் தெரியும், எழுதுவது நல்லதா கெட்டதா என்று. பிசிலாவின் தோளிலிருந்து மூட்டை இறங்கியது போல இருந்தது. அவள் மெதுவாகக் கடைசி வரிசைக்குப் போய், எழுதத் திணறிய ஒரு பிள்ளையின் நோட்டைக் குனிந்து பார்த்தாள்.

அப்போது சுவர் அலறியது.

பன்றி மறைந்தது. அந்த இடத்தில் வைசிமாவின் படம், ஆப்பிள் கொட்டகைத் தொப்பியோடு. கீழே இரண்டு வட்டங்கள் துடித்தன. ஒன்று சிவப்பு. ஒன்று பச்சை.

மறுபடி தன் முறை வந்து ஹெய்லாலா பலகை முன்னால் நின்றிருந்தாள்.

"தொடாதே" என்று பிசிலா கத்தினாள். ஓடப் பார்த்தாள். பாய் காலைக் கட்டியது.

ஆனால் இத்தனை நாளும் சொல்லிக்கொடுத்தது வேறு. வட்டம் வந்தது, பச்சை எது என்று தெரிந்தது, பிள்ளை தொட்டுவிட்டாள். தொட்டுவிட்டுத் திரும்பிச் சிரித்தாள், சரிதானே என்பது போல.

கதவளவு பெரிய முகமாக வைசிமா சுவரில் வந்தாள். கண் வீங்கியிருந்தது. மேசையில் மல்லாந்து கிடந்த போனில் அவளுக்குத் தெரிந்தது கூரை மட்டும்தான்.

"அம்மா? என்னம்மா ஃபேன் மட்டும் தெரியுது? கேக்குதா?" குரல் வகுப்பை நிறைத்து வராந்தாவுக்கும் போனது. "மாமா பக்கத்துல இல்லியே? மாமா காதுல விழக் கூடாதும்மா. அவன்..."

வெளியே டக் என்று ஒரு சத்தம்.

சுவர் கறுத்தது. விளக்கு அணைந்தது. ஃபேன் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

ஜன்னலுக்கு வெளியே மின்பெட்டியின் பிடி மேல் லிசியாதேயின் கை இருந்தது. முகம் ஈரப்பலா மரத்தைப் பார்த்திருந்தது.

பின்வரிசை அம்மாக்கள் தங்கள் இடுப்புப் பாயின் ஓரத்தைப் பார்த்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் அண்ணன் தம்பி உண்டு. அந்த ஒரு 'அவன்' போதும் அவர்களுக்கு. அதற்குப் பின்னால் என்ன வரும் என்று எந்தப் பெண்ணுக்கும் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள்கூடத் தலையைக் குனிந்துகொண்டன.

மேசையில் சின்னக் குரல் கேட்டது. "அம்மா? அம்மா?"

பாய் சரசரக்க பிசிலா நடந்து போனாள். சிவப்பைத் தொட்டாள். மகள் கூப்பிட்டு அவள் சிவப்பைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

---

கெபுவேலி எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"நிறுத்தினது யாரு?"

"நான்தான் ஐயா."

"ஏன்?"

லிசியாதே பிடியிலிருந்து கையை எடுத்தான்.

காரணத்தைச் சொன்னால், காரணத்தைச் சொன்னதாகிவிடும். தங்கை நாலு எட்டுக்குள் நிற்கிறாள்.

"கை பட்டுருச்சு."

"இது கை பட்டா விழற பிடியா? நான் இழுத்தாலே வராது."

"ராத்திரி பூரா காவா குடிச்சேங்கய்யா. நின்னபடியே தூங்கிட்டேன். அப்படியே சாஞ்சேன். விழுந்துருச்சு."

"நின்னுக்கிட்டே தூங்கறதுக்கு நீ என்ன குதிரையா?"

முன்வரிசையில் ஒரு பிள்ளை கெக்கலித்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை. லிசியாதே காவா என்ற அந்த மயக்க வேர்ச்சாற்றைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அதைத் திட்டுவதே அவன்தான். அது அம்மாக்களுக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். கெபுவேலிக்கும் தெரிந்திருக்கும். அவருக்கும் ஒரு தங்கை இருக்கிறாள். ஆனால் பாடத்தின் நடுவில் கருவி நின்றது என்று எழுதினால், ஏன் நின்றது என்றும் எழுத வேண்டும். தலைநகரத்தில் அதைப் படிப்பவனுக்குத் தங்கையும் கிடையாது, அத்தையும் கிடையாது.

"ஒண்ணு டீச்சருக்குப் பலகை ஓட்டத் தெரியலைன்னு எழுதணும். இல்லேன்னா பணியாள் குடிமயக்கத்துல நிறுத்திட்டான்னு எழுதணும். ரெண்டுல எது?" மெதுவாகத்தான் கேட்டார்.

"நான்தான் சொல்லிட்டேனே ஐயா."

"சார், அவரு..." என்று பிசிலா ஓரடி எடுத்து வைத்தாள்.

லிசியாதே பிடியை மேலே தள்ளினான். விளக்கு எரிந்தது.

"டீச்சர், கரண்ட் வந்துருச்சு" என்றான்.

வாழ்நாளில் அவன் அவளை டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லால் அவள் வாயைக் கட்டிவிட்டான். இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை அவிழ்த்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

பிசிலா பலகைக்கு வந்தாள். கண்ணாடியில் அவள் உருவம் தெரிந்தது. போனைக் கையில் எடுத்தாள். மகள் சொல்லியும் அழுத்தாமல் வைத்திருந்ததை அழுத்தினாள். இனி பாடம் முடியும்வரை யார் செத்தாலும் பிழைத்தாலும் சுவருக்கு வராது. மறுபடி இணைத்தாள். பன்றி வந்தது, எட்டுத் தட்டுகள் வந்தன. பாதியில் நின்ற கணக்கை அதே இடத்திலிருந்து எடுத்தாள். பாதியை எட்டாக்கினால் என்ன, கால் பங்கை மூன்றாக்கினால் என்ன என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தொட வைத்தாள். ஒரு தொடுதலும் தப்பவில்லை. அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது, இவ்வளவு நன்றாக வருகிறதே என்று.

போகும்போது கெபுவேலி வாசலில் நின்றார்.

"ஆறாம் வகுப்பு உங்களுதுதான் டீச்சர். நியுவா மாற்றலைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

"எங்க அண்ணன் வேலை சார்?"

"அது எழுதியாச்சு." செருப்பை மாட்டினார். "நாளைக்குச் சாயங்காலக் கப்பல்லதான் போறேன். அதுக்குள்ள யாராச்சும் வந்து வேற காரணம் சொன்னா, கிழிச்சுட்டு மாத்தி எழுதலாம். சொல்லணும். வாயால சொல்லணும்."

அவர் போனபின் ஹெய்லாலா மட்டும் வகுப்பில் நின்றாள். மூக்கு ஒழுகியது.

"நான் பச்சையத்தானே அத்தை தொட்டேன்?"

"ஆமாம்மா. பச்சையத்தான் தொட்டே."

"அப்ப எங்கப்பா சாவியை ஏன் வச்சுட்டுப் போனாரு?"

பிசிலா பாயின் நுனியால் அந்த மூக்கைத் துடைத்துவிட்டாள்.

---

சாயங்காலம் லிசியாதே வேலிக்கு வெளியே வந்து நின்றான். ஒரு கூடைச் சேனைக்கிழங்கை வேலியோரம் இறக்கி வைத்தான். உள்ளே வரவில்லை. அவன் என்றும் வந்ததில்லை.

அவள் வாசற்படியில் நின்றாள். அவன் கொஞ்சம் தள்ளித் தெரிந்த சைமோனேயின் குழிமேட்டைப் பார்த்தபடி நின்றான்.

"அண்ணா, நாளைக்கு கெபுவேலி சார்கிட்ட போகலாம்னு இருக்கேன்."

"போயி என்ன சொல்லுவீங்க?"

அவனிடமே சொல்ல முடியாததை, அவனுக்காக ஊருக்குச் சொல்ல வேண்டும்.

"சாவி போனா போவுது" என்றான். "மரவள்ளிக் காடு இருக்கு. கை இருக்கு. ஹெய்லாலா நாளைக்குப் பள்ளிக்கூடம் வர மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேக்கும்."

"வரச் சொல்லுங்க. அவ தப்பு எதுவும் பண்ணல."

"யாரும் பண்ணல."

எங்கோ ஒரு பன்றி உறுமியது. அவன் புறப்படுவது போலத் திரும்பி, மறுபடி நின்றான்.

"பின்னறைக் கூரை ஒழுகுதுல்ல? சனிக்கிழமை வந்து தகரம் மாத்திடறேன்."

"இப்ப அந்த அறையில யாரும் இல்லியே அண்ணா."

"இருக்கட்டும். ஒரு புள்ளை வந்தா நனையாம படுக்க வேணாமா." குழிமேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கொசுவலைக்கும் ஆணி அடிச்சுடறேன். ஒண்ணு உயரமா." கொஞ்சம் நிறுத்தினான். "ஒண்ணு தாழ்வா."

அவள் வாசல்காலைப் பிடித்துக்கொண்டாள்.

காதில் எதுவும் விழாத மனுஷன் தாழ்வான ஆணிக்குக் கீழே படுக்கப்போகும் சிசுவையும் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு யார் கேட்டாலும் இருவரும் கூரையைப் பற்றித்தான் பேசினார்கள்.

அவன் நடந்தான். அவன் இருக்கும்போதே அவள் மடியில் போன் அடிக்கத் தொடங்கியிருந்தது. அவன் நடையைக் கூட்டினான். வேலி முடிந்து, கோவில் சுவர் முடிந்து, குரல் எட்டாத தூரத்தில் அவன் முதுகு சிறுத்துப் போகும்வரை அவள் அடிக்கவிட்டாள்.

பிறகு பச்சையைத் தொட்டாள்.

"சொல்லும்மா. மாமா போயிட்டாரு."

வைசிமா அழவில்லை. "அம்மா, அவன் இங்க பக்கத்துலதான் இருக்கான். ஓடிப் போயிட்டான்னு நினைச்சேன். போகல. உங்ககிட்ட அவனே பேசணுமாம்."

போன் கை மாறும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம்.

"டீச்சர்" என்றது ஓர் ஆண் குரல்.

அந்தக் குரலை, மகரக்கட்டு உடைவதற்கு முன்பிருந்தே அவளுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பு, ஜன்னலோர பெஞ்சு. இரண்டு தடவை பரீட்சை எழுதி, இரண்டு தடவையும் தேறாமல் போனவன். 'உனக்கு இது வராதுடா, காய் பறிக்கப் போ' என்று அவனை அனுப்பி வைத்தது அவள்தான்.